வீட்டில் திரைப்பட இரவு: ரசனை வேறுபடும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கங்களில் உறவினரையும் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக் கூடத்திலோ மொட்டை மாடியிலோ படம் போடுகிறவர்கள், எந்தப் புரொஜெக்டர் வாங்கலாம் என்ற கேள்வியோடு தொடங்கி, யார் கேட்கும் படத்தைப் போடுவது என்ற கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கருவிகளைப் பற்றிய கேள்விகளுக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார் என்பதால், இங்கே ரசனையைப் பற்றிய கேள்விகளுக்கு முதலிடம் தரப்பட்டுள்ளது. இங்குச் சொல்லப்படுபவை எங்கள் வீட்டுப் பழக்கத்திலிருந்தும், இப்படிப் படம் போடும் சில வீடுகளில் பார்த்ததிலிருந்தும் வந்தவை.

எல்லோருக்கும் பிடித்த ஒரு படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்படி ஒரு படத்தைத் தேடவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. பத்துப் பேர் கூடியிருக்கும் கூடத்தில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேண்டாம், அது பார்த்தாச்சு, இன்னொன்று இழுவை" என்று அரை மணி நேரம் உருட்டிய பிறகு, கடைசியில் யாரும் கேட்காத, எல்லோரும் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்ட ஒரு நகைச்சுவைப் படம்தான் ஓடும். அதை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் அதற்காக யாரும் மறுமுறை ஆவலோடு வருவதும் இல்லை. ஒருவருடைய மனத்துக்கு நெருக்கமான படத்தை மற்றவர்கள் கூட இருந்து பார்ப்பதில்தான் இந்த இரவுகளின் பயன் இருக்கிறது. அதனால் படத்தைப் பொதுவாக்க முயலாமல், தேர்ந்தெடுக்கும் உரிமையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே நல்லது.

இது புதிய ஏற்பாடும் அல்ல. 1980களில் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று நான்கு கேசட் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் பெரியவர்களுக்காக ஒரு பக்திப் படம் அல்லது பழைய படம், அடுத்து குடும்பப் படம், பெரியவர்கள் கண்ணயர்ந்த பிறகு இளவட்டங்களுக்காக ஒரு சண்டைப் படம் என்று, யாரும் சட்டம் போடாமலே வரிசை அமைந்தது. இன்று ஒரே இரவில் மூன்று படம் பார்க்கும் தெம்பு யாருக்கும் இல்லாததால், அதே வரிசையை வாரங்களுக்கோ மாதங்களுக்கோ விரித்துக்கொள்கிறோம்.

முறை வைப்பது என்றால், நடைமுறையில் எப்படி?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வழக்கமாக வருகிறவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, யார் எந்தப் படத்தைப் போட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். முறை யாருடையதோ அவர் இரண்டு நாள் முன்பாகவே படத்தின் பெயர், மொழி, ஓடும் நேரம் மூன்றையும் தெரிவித்துவிட வேண்டும், வாக்கெடுப்பு கிடையாது. பத்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் முறை உண்டு. விருந்து கொடுக்கும் வீட்டுக்காரர் வரிசையில் கடைசியாக இருப்பது மரியாதை, ஏனென்றால் தன் வீட்டுக்கு அழைத்துத் தன் படத்தையே திணிக்கிறார் என்ற பேச்சுக்கு அதனால் இடமில்லாமல் போகும்.

இதில் ஒரே ஒரு விலக்கு அவசியம். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, காரணம் சொல்லாமலே "இந்தப் படம் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டார் மருத்துவமனைக் காட்சிகளைத் தாங்க மாட்டார்கள், சி.எம்.சி. மருத்துவமனை வளாகத்தில் மாதக்கணக்கில் நோயாளிக்குத் துணையிருந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களை "ஏன்" என்று கேட்டுச் சொல்ல வைப்பது கொடுமை. சுற்றுக்கு ஒருமுறைதான் என்ற வரம்பு இருப்பதால், வெறும் சலிப்புக்காக யாரும் அந்த உரிமையைச் செலவழிப்பதில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கே ரசனை ஏன் இவ்வளவு மாறுபடுகிறது?

சண்டைப் படம், காதல் படம், பேய்ப் படம் என்று வகை பிரித்துப் பேசுவதால் இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பழந்தமிழ் இலக்கண மரபு நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. படத்தின் வகையை விட்டுவிட்டு, அதைப் பார்க்க உட்காருகிறவர் அன்றைக்கு இந்த எட்டில் எதைத் தேடி வருகிறார் என்று பார்த்தால், பல சச்சரவுகள் தெளிவாகிவிடும்.

எங்கள் அத்தைக்கு ஒரு படம் பார்த்தால் கண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் அவருக்கு அது படமே அல்ல. என் அக்கா மகனுக்கு உடல் சிலிர்க்க வேண்டும். அவனுடைய முறையில் ஒரு தமிழ்ப் பேய்ப் படத்தைப் போட்டபோது, அத்தை மறுநாள் வேலையைக் காரணம் காட்டிப் பாதியிலேயே கிளம்பிவிடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகு, பேயாக வருகிற பெண் உயிரோடு இருந்தபோது அவளுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் முன்கதையாக விரிந்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவி, குழந்தைய வச்சிருக்கா, அவள விட்டுடுடா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா மகனுக்கு அந்தப் பகுதிதான் படத்திலேயே தொய்வானது. அடுத்துக் கதவு எப்போது திறக்கும் என்று அவன் காத்திருந்தான். இருவரும் பார்த்தது ஒரே படம்தான். இருவரும் நிறைவோடு எழுந்ததற்குக் காரணங்கள்தான் வேறு.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரின் ரசனை இன்னொரு விதம். வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் அரிது என்பதால், இது பல வீடுகளுக்கும் பொருந்தும். போர்ப் படத்தில் மற்றவர்கள் குண்டுவெடிப்பைப் பார்க்க, அவர் பூட்ஸ் கயிற்றையும் சட்டை மடிப்பையும் பார்ப்பார். தலையில் தொப்பி இல்லாமல் ஒருவன் சல்யூட் அடித்தால் அவருக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும், ஏனென்றால் நம் ராணுவத்தில் வெறுந்தலையோடு கையுயர்த்தி வணக்கம் செலுத்துவதில்லை. அவர் தேடுவது பெருமிதம். அது பிசகினால் மிஞ்சுவது வெகுளி. இதைப் புரிந்துகொண்ட பிறகு, அவர் இடையில் முணுமுணுப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் அருகில் உட்காரத்தான் பிள்ளைகளுக்குள் போட்டி.

பிடிக்காத படம் ஓடும்போது கைப்பேசியைப் பார்க்கலாமா? தூங்கலாமா? எழுந்து போகலாமா?

தூங்கலாம், சத்தமில்லாமல் எழுந்தும் போகலாம், கைப்பேசியை மட்டும் பார்க்கக் கூடாது. வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். பாயை விரித்து உட்காருகிறவர்கள் நடுவில் தூங்குவார்கள், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிப்பு எழுந்தால் விழிப்பார்கள், தங்களுக்குப் பிடித்த வேடம் களமிறங்கும்போது பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்புவார். தூக்கத்தை யாரும் அவமதிப்பாக நினைத்ததில்லை. ஆனால் இருட்டில் ஒளிரும் கைப்பேசித் திரை பின்வரிசைக்காரர்களின் கண்ணை இழுப்பதோடு, படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு "உன் படம் சலிப்பாக இருக்கிறது" என்று ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாசலில் ஒரு கூடை வைத்து அதில் கைப்பேசிகளைப் போடச் சொல்லும் வீடுகள் உண்டு. மருத்துவர்களும் செவிலியர்களும் நிறைந்த ஊரில் அது எல்லோருக்கும் ஒத்துவராது. அழைப்பு வரக்கூடியவர்கள் படியோரத்தில் உட்காருவது போதும்.

தமிழ்ப் படம் மட்டும்தானா? மற்ற மொழிப் படங்களை என்ன செய்வது?

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு பேசும் சம்பந்தி வீட்டார் பலருக்கும் உண்டு; ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து நண்பர்கள் வீட்டில் உருது பேசுவார்கள்; பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் கொரியப் படத்தையும் மலையாளப் படத்தையும் கேட்பார்கள். நடிகரின் சொந்தக் குரலில் வசன வரிகளோடு (சப்டைட்டில்) பார்ப்பதே சிறந்தது என்பது என் ரசனை. ஆனால் வேகமாக ஓடும் எழுத்தைத் தொடர முடியாத ஒரு பாட்டி அன்று கூடத்தில் இருந்தால், தமிழ் டப்பிங் இருக்கும் படத்துக்கு அதைத்தான் போட வேண்டும். ஒருவருக்குக் கதையே புரியாமல் போவதைவிட, மற்றவர்களுக்கு வாயசைவு கொஞ்சம் பொருந்தாமல் போவது சிறிய இழப்பு. டப்பிங் இல்லாத படமாக இருந்தால், பாட்டியின் காதருகே ஒருவர் உட்கார்ந்து கதை சொல்லட்டும். மற்றவர்கள் அந்தக் கிசுகிசுப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வசன வரிகள் இருக்கும் படத்துக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்திலாவது இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைத்துவிடும். பின்னால் இருப்பவர்கள் பிறமொழிப் படமே பிடிக்காது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

குழந்தைகள் இருக்கும்போது எந்தப் படங்களைப் போடலாம்?

தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024-இல் வந்த விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யுஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்களிலும் இதே வயது வரிசைதான். பழைய படங்களில் வெறும் யுஏ என்று மட்டுமே இருக்கும் என்பதால், அவற்றை யாராவது பெரியவர் ஒருவர் முன்பே பார்த்திருப்பது நல்லது. சங்கடமான காட்சி வந்தவுடன் ரிமோட்டைத் தேடி ஓட்டிவிடும் பழக்கம், அந்தக் காட்சியைவிட அதிகமாகப் பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்கும். சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தைப் பிள்ளைகள் இல்லாத இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

நடிகர்களின் ரசிகர்களுக்குள் சண்டை வருகிறதே?

விசிலும் கைத்தட்டலும் இருக்கட்டும்; அறிமுகக் காட்சிக்கு விசில் அடிக்காமல் பார்க்கும் படம் எனக்கும் பாதிப் படம்தான். எதிர் ரசிகர் தேர்ந்தெடுத்த படத்தைக் கேலி செய்வதற்கென்றே வருகிறவரிடம்தான் சிக்கல். அவரைத் தனியாக அழைத்து, அடுத்த வாரம் உங்கள் முறை, அன்று அவர் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார், இன்று நீங்கள் பாருங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். சாதியையும் கட்சியையும் தொடும் படங்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவற்றை முதன்முதலாக வருகிற விருந்தாளிகளோடு பார்க்காமல், ஓரளவு பழகிய கூட்டத்தோடு பார்ப்பது நல்லது.

மொட்டை மாடியா, கூடமா? எந்த மாதத்தில்?

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயில் நாள்களில் இரவு எட்டு மணிக்கும் மாடித் தளம் உள்ளங்காலைச் சுடும். மாலையிலேயே தண்ணீர் ஊற்றி வைத்தாலும் புழுக்கம் அடங்காது, புரொஜெக்டரின் விசிறியும் அந்தச் சூட்டுக் காற்றையே இழுத்து இரைச்சல் போடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி கடைசி வரைதான் மாடிக்கு ஏற்ற காலம். அப்போது ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் சீக்கிரமே தொடங்கவும் முடியும்.

படத்தைப் பொறுத்தும் இடம் மாறும். பாட்டும் பகல்வெளிச்சக் காட்சிகளும் நிறைந்த படம் மாடியில் நன்றாக இருக்கும். இரவுக் காட்சிகளும் மெல்லிய பேச்சும் கொண்ட படத்தைத் தெருவிளக்கு வெளிச்சம் படும் மாடியில் போட்டால் கரிய நிழல்களைத் தவிர எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குச் சன்னல்களை மூடி இருட்டாக்கிய கூடத்தைக் கொடுப்பதுதான் நியாயம்.

எவ்வளவு வெளிச்சம் தரும் புரொஜெக்டர் வேண்டும்?

100 அங்குலத் திரை ஏறத்தாழ ஏழேகால் அடி அகலமும் நான்கடி உயரமும் கொண்டது. முழு இருட்டில் அதற்கு 500 ஏஎன்எஸ்ஐ லூமென் (தர முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) போதும். கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் இடத்தில் 2,000-க்கு மேல் வேண்டியிருக்கும். பெட்டியின் மேல் ஏஎன்எஸ்ஐ என்ற சொல் இல்லாமல் வெறும் ஆயிரக்கணக்கான லூமென் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். படத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஆகவே பெரிய படத்துக்கு ஆசைப்பட்டு மங்கலாக்கிக்கொள்ளாதீர்கள். படுக்கை விரிப்பு ஊடாக வெளிச்சம் பின்னால் போய்விடுவதால், வெள்ளையடித்த வழவழப்பான சுவரே அதைவிட மேல்.

ஒலி ஏன் சரியாகக் கேட்பதில்லை?

இந்தக் கேள்வியை ரசனைக் கேள்விகளோடேயே சேர்த்திருக்க வேண்டும். வயதானவர்கள் "இந்தக் காலத்துப் படம் எனக்குப் பிடிக்கிறதில்லை" என்று சொல்லும்போது, வசனம் காதில் விழவில்லை என்பதே பல வேளைகளில் உண்மையான காரணம். இன்றைய படங்களின் ஒலி தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்பட்டது. அதில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். வீட்டில் இரண்டே ஸ்பீக்கர்களில் கேட்கும்போது இசை மேலோங்கிப் பேச்சு அமுங்கிவிடுகிறது. ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். வசனத்தை உயர்த்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஸ்பீக்கரைத் திரைக்கு அருகிலேயே, உட்காருகிறவர்களின் காது உயரத்தில் வையுங்கள். புளூடூத் இணைப்பில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து வாயசைவோடு பொருந்தாமல் போகலாம் என்பதால் ஒயர் போடுவதே சிறந்தது. தமிழ்ப் படத்துக்கே தமிழ் வசன வரிகள் இருந்தால் போட்டுவிடுங்கள். முதலில் வேண்டாம் என்ற இளையவர்களும் சில நிமிடத்தில் பழகிவிடுவார்கள்.

சாப்பாட்டை எப்போது பரிமாறுவது?

ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் மடியில் இருக்கும்போது எந்தப் படமும் தோற்றுவிடும். கனமான சாப்பாட்டைப் படத்துக்கு முன்போ பின்போ வைத்துக்கொண்டு, இடைவேளையில் அவித்த வேர்க்கடலை, சுண்டல், டீ என்று நிறுத்திக்கொள்ளலாம். கடலைத் தோலுக்கு ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள். வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது என்பதால், எங்கே நிறுத்துவது என்பதைத் தேர்ந்தெடுத்தவர் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கட்டும்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

வீட்டுக்குள் உறவினரோடும் நண்பர்களோடும் பார்ப்பதற்கு வேண்டியதில்லை. கட்டணம் வாங்கினாலோ, தெருவுக்கே அறிவித்துப் பொதுவில் திரையிட்டாலோ உரிமையாளரின் அனுமதி தேவை. ஒலிபெருக்கியைத் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயன்படுத்த 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. ஆகவே மாடியில் போடும் இரண்டரை மணி நேரப் படத்தை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் கூடத்துக்கு மாறிவிடுங்கள்.

படம் முடிந்த பிறகு பேசும் பேச்சு வாக்குவாதமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

"படம் எப்படி?" என்று கேட்டால் நல்லது, மோசம் என்ற இரண்டு அணிகள்தான் உருவாகும். அதற்குப் பதிலாக, எந்தக் காட்சி மனத்தில் நின்றது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். படத்தைப் பிடிக்காதவருக்கும் சொல்ல ஒரு காட்சி இருக்கும். பிடித்தவர் கவனிக்காமல் விட்டதை அவர் சொல்லக்கூடும். தேர்ந்தெடுத்தவர் கடைசியில் பேசட்டும்; அந்தப் படம் தனக்கு ஏன் முக்கியம், அதை முதலில் யாரோடு பார்த்தார் என்று சொல்லட்டும். எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பற்றி நாங்கள் அறியாத பல செய்திகள் இந்தப் பேச்சில்தான் வெளிவந்தன. படத்தில் குறை சொல்வதற்குத் தடையில்லை. "இதைப் போய் எப்படி ரசிக்கிறீர்கள்" என்று ஆளைக் குறை சொல்லும் பேச்சை மட்டும், வயதில் மூத்தவர் சொன்னாலும், வீட்டுக்காரர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால் அந்த முறை கணக்கில் சேருமா?

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதன் திறன் புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் தாங்குமா என்று முன்பே பார்த்து வையுங்கள். இல்லாத வீட்டில் அரை மணி நேரம் காத்திருக்கலாம். அதற்குள் வராவிட்டால் எந்த நிமிடத்தில் நின்றது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடர வேண்டும். அடுத்த முறைக்காரர் அதற்கும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்வார். படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, மீதியை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிடக் கூடாது. தேர்ந்தெடுத்தவர் எல்லோருக்கும் காட்ட நினைத்த காட்சி அந்த மீதியில்தான் இருக்கக்கூடும்.